‘அநாஸ்’: ஒரு சொற்பிரிப்பும் மூக்களவைக் கோட்பாடும்

இருக்கு வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில், இந்திரன் தசியுக்களை அழித்தமை கூறும் பாடலில் (5.29.10) ‘அநாஸ்’ என்னும் அடைச்சொல் வருகிறது. அவ்வேதம் முழுவதிலும் இச்சொல் இவ்வோரிடத்தில் மட்டுமே பயில்கிறது. இதனைப் பிரித்த முறை, மூக்கின் வடிவத்தை இன அடையாளமாகக் கொண்ட கோட்பாடொன்றிற்குச் சான்றாக்கப்பட்டது.

வடமொழியில் இன்மைப் பொருள் தரும் முன்னொட்டு மெய்யின் முன் ‘அ’ எனவும் உயிரின் முன் ‘அந்’ எனவும் வரும். தமிழில் வழங்கும் ‘அநாதை’, ‘அநாதி’ ஆகியவற்றுள் முன்னது அ + நாத. பின்னது அந் + ஆதி. தோற்றம் ஒத்திருப்பினும் பிரிப்பு வேறு. அவ்வாறே அந் + ஆஸ் எனின் ‘வாயற்றவர்’. அ + நாஸ் எனின் ‘மூக்கற்றவர்’. 14ஆம் நூற்றாண்டு உரையாசிரியரான சாயணர் முதற்பிரிப்பைக் கொண்டு ‘பேச்சற்றவர்’ எனப் பொருள் கண்டார். மாக்ஸ் முல்லர் இரண்டாவதைக் கொண்டார். கிரிஃபித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வழியே சென்றது. ‘மூக்கற்றவர்’ என்பது பின்னர்த் ‘தட்டை மூக்கினர்’ என விளக்கப்பட்டது. இது மூலத்தில் இல்லாத பொருள்.

ரிஸ்லி 1891இல் வங்காளத்துச் சாதிகளை மூக்களவைக் கொண்டு வகுத்தார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கிவரும் எண் 70க்குக் குறையின் குறுகிய மூக்கு, 85க்கு மிகின் அகன்ற மூக்கு, இடைப்பட்டது நடுத்தரம். வேதத்தில் மூக்கைப் பற்றிய குறிப்புகள் அடிக்கடி வருவதாகவும் அவர் அவ்வாண்டிலேயே எழுதினார். அதற்குரிய சான்று இவ்வொரு சொல்லே என்பதை டிரௌட்மன் 1997இல் சுட்டிக்காட்டினார். மெக்டொனலும் கீத்தும் 1912இல் வெளியிட்ட வேதச் சொல்லடைவு, பொருள் உறுதியன்று எனக் கூறியபோதும், ‘மூக்கற்றவர்’ என்பது திராவிட வகையினரின் தட்டை மூக்கோடு பொருந்தும் என்றது. சொல்லுக்கு அளவையும் அளவைக்குச் சொல்லும் சான்றாயின.

கோட்பாட்டிற்கு மறுப்பும் எழுந்தது. ரிஸ்லியின் மூக்களவுகள் இந்துஸ்தானப் பகுதிக்கு வெளியே சாதிப் படிநிலையோடு பொருந்தவில்லை என குர்யே 1932இல் காட்டினார். அம்பேத்கர் 1946இல், சூத்திரர் யாவர் என்பது பற்றிய தம் நூலில், சாயணரின் பொருளே ஏற்கத்தக்கது என வாதிட்டார்.

அப்பாடலே தசியுக்களைப் பகைமொழியினர் என்றும் கூறுகிறது. ‘பேச்சற்றவர்’ பகைமொழி பேசுவது எங்ஙனம் எனின், விளங்காத மொழி பேசுவோரை ஊமையர் என்பது பிறமொழிகளிலும் உள்ள வழக்கேயாகும். ஸ்லாவிய மொழிகள் ஜெர்மானியரைக் குறிக்கும் சொல் ‘ஊமை’ எனப் பொருள்படும் அடியிலிருந்து பிறந்தது. ஆகவே இச்சொல் சுட்டுவது மொழி வேறுபாடு எனக் கொள்வதே சூழலுக்கு இயைபுடையது. ஒருமுறையே பயிலும் சொல்லை மொழிபெயர்ப்போர் இரு பிரிப்பையும் குறித்துச் செல்வது கடமையாகும்.