எடுக்கப்படாத விடுப்பின் ஊதியம்: பொருநைக் கரையின் ஆலையும் மலைத் தோட்டமும்

பணியை விட்டு நீங்கும் தொழிலாளி தாம் எடுக்காமல் விட்ட விடுப்பு நாள்களுக்குரிய ஊதியத்தைப் பெறுவது இன்று இயல்பான உரிமையாகக் கருதப்படுகிறது. அரசு அலுவலர் வட்டத்தில் 'சரண்டர்' என்ற சொல்லே இதற்குப் போதுமானது. ஆனால் ஆலையிலும் தோட்டத்திலும் இவ்வூதியம் தொழிலாளி எத்தனை நாள் உழைத்தார் என்பதை மட்டும் பொறுத்து அமையவில்லை. அவர் வெளியேறிய விதத்திற்குச் சட்டம் என்ன பெயர் இட்டது என்பதையும் பொறுத்தே அமைந்தது. அம்பாசமுத்திரம் வட்டத்தில் பாபநாசத்துப் பஞ்சாலையையும் மணிமுத்தாற்றுக்கு மேலுள்ள மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

தாமிரபரணியின் நீர்விசையை நம்பி ஹார்வி நிறுவனத்தார் 1880களில் பாபநாசத்தில் பஞ்சாலை அமைத்தனர். அவர்களது தூத்துக்குடிக் கோரல் ஆலையில் 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வுடன் வார விடுமுறையும் கோரிக்கையாக இருந்தது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற அப்போராட்டம் பெரிதும் சுதேசி வரலாற்றின் பகுதியாகவே எழுதப்பட்டுள்ளது. ஓய்வு நாள் என்பது கேட்டுப் பெற வேண்டிய ஒன்றாக இப்பகுதியில் வெளிப்பட்ட தருணம் என்ற வகையிலும் அது கவனத்திற்குரியது. எனினும் அன்று கோரப்பட்டது ஓய்வு மட்டுமே. ஓய்வு நாளுக்கும் கூலி உண்டு என்ற கருத்து சட்ட வடிவம் பெற மேலும் பல பத்தாண்டுகள் கடந்தன.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1936ஆம் ஆண்டு ஊதிய விடுமுறை உடன்படிக்கை, முதலாளியைச் சார்ந்த காரணத்தால் நீக்கப்பட்டவருக்கு எஞ்சிய விடுமுறைக்கான ஊதியம் உண்டு என்றது. தாமே விலகியவரைப் பற்றி அது பேசவில்லை. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948 ஓரடி முன்னே சென்றது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என வகுத்ததோடு, விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்டபின் விலகியவருக்கும் அதற்கான ஊதியத்தை உறுதி செய்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கம், விலகல், ஓய்வு, இறப்பு என்ற அனைத்தையும் ஒரே வரியில் சேர்த்தது. அதன்பின் ஆலைத் தொழிலாளி எவ்வாறு வெளியேறினாலும் விடுப்பு ஊதியம் அவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியதாயிற்று.

தோட்டத்தின் நிலை வேறு. சிங்கம்பட்டி ஜமீன் காட்டில் 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற பம்பாய் பர்மா வணிகக் கழகம் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து முதலிய இடங்களில் தேயிலை பயிரிட்டது. அங்குக் கொழுந்து பறித்தவர்களுக்குத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 பொருந்தியது. அதிலும் இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கே இருந்தது. ஆனால் அரை நாளுக்குக் குறைவான வேலை நடந்த நாள் கணக்கில் சேரவில்லை. இரு பருவமழைகளும் பெய்யும் மலையில் இவ்விதி வெறும் எழுத்தன்று. ஆண்டில் 280 நாள் பதிவானால் 14 நாள் விடுப்பு. மழையால் அது 240 ஆகக் குறைந்தால் 12 நாள். சேர்ந்த விடுப்பு முப்பது நாளைத் தொட்டதும் புதிய விடுப்பு ஈட்டுவதே நின்றுவிடும். விடுப்பே எடுக்காமல் உழைத்தவர் மூன்றாம் ஆண்டிலேயே அவ்வரம்பை எட்டிவிடுவார். விடுப்பு எடுத்து அவ்விருப்பு குறையும் வரை அவரது உழைப்பு விடுப்பாக மாறாது. மிகுதியாக உழைத்தவரே இதில் மிகுதியாக இழந்தார் என்பது இச்சட்டத்தின் விசித்திரம்.

வெளியேறுவோருக்கான ஊதியம் பற்றித் தோட்டச் சட்டம் தொடக்கத்தில் ஒன்றும் கூறவில்லை. 1981ஆம் ஆண்டுத் திருத்தமே அதைச் சேர்த்தது. முதலாளியால் பணி முடிக்கப்பட்டவருக்கு எடுக்கப்படாத விடுப்பின் ஊதியத்தை இரண்டாம் வேலை நாளுக்குள் வழங்க வேண்டும் என்பதே அவ்விதி. 'முதலாளியால்' என்ற சொல் இங்கு முக்கியமானது. ஆலைச் சட்டம் 1976இல் கடந்துவிட்ட எல்லைக்குள்ளேயே தோட்டச் சட்டம் ஐந்தாண்டு கழித்தும் நின்றது. மேலும், தோட்டத்துக்குள் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலை 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே கொழுந்தைப் பறித்தவருக்கு ஒரு சட்டமும் அதே கொழுந்தை வாட்டி அரைத்தவருக்கு மற்றொரு சட்டமும் பொருந்தின. கணவன் தொழிற்சாலையிலும் மனைவி பறிப்பிலும் உள்ள குடும்பத்தில் இருவரும் ஒரே நாளில் தாமாக விலகினால், ஒருவரது விடுப்புக்கே சட்டப்படி விலை இருந்தது.

மாஞ்சோலையைப் பற்றிய எழுத்துகள் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் பதினேழு உயிர்கள் பலியான கொடுமையை மையமாகக் கொள்வது இயல்பே. அதன் நிழலில், தோட்ட வாழ்வின் இறுதிக் கணக்கு போதிய கவனம் பெறவில்லை. குத்தகை 2028இல் முடிவடைய இருந்த நிலையில், 2024 ஜூன் மாதத்தில் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் தொழிலாளரிடம் ஒப்பம் பெற்றது. குடியிருப்புகளை 45 நாள்களுக்குள் காலி செய்யவும் கோரியது. தோட்டமே மூடப்படும்போது எழும் வெளியேற்றத்தை 'விருப்பம்' எனலாமா என்பது தனி வினா. சட்ட நோக்கில் அப்பெயரின் விளைவு பெரிது. தொழில் தகராறுகள் சட்டம், 1947 விருப்ப ஓய்வை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்து நீக்கியிருந்தது. தோட்டச் சட்டமோ முதலாளி முடித்த பணிக்கு மட்டுமே விடுப்பு ஊதியத்தைக் கடமையாக்கியது. ஆகவே விருப்ப ஓய்வுப் படிவத்தில் ஒப்பமிட்ட பறிப்புத் தொழிலாளியின் எஞ்சிய விடுப்புக்குச் சட்டத்தின் நேரடிப் பிடி தளர்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டது என்பதே அதன் கதியைத் தீர்மானிக்கும்.

ஓய்வூதியம், பணிக்கொடை, விடுப்பு ஊதியம் ஆகியவற்றைச் சட்ட ஆதாரமின்றி நிறுத்திவைக்க இயலாது என்றும், அவை அரசமைப்பின் 300-அ பிரிவு காக்கும் சொத்து என்றும் உச்ச நீதிமன்றம் 2013இல் ஜார்க்கண்ட் அரசு ஊழியர் வழக்கொன்றில் கூறியது. அக்காப்பு அரசுக்கு எதிரானது; தனியார் தோட்டத்துக்கு நேரடியாக நீளாது.

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம், 2020 ஆலைக்கும் தோட்டத்துக்கும் ஒரே விடுப்பு விதியை வகுத்தது. விலகல், ஓய்வு, இறப்பு, நீக்கம் எதுவாயினும் எஞ்சிய விடுப்புக்கு ஊதியம் உண்டு என்பது அதன் நிலை. அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. மாஞ்சோலையில் படிவங்களில் ஒப்பம் பெறப்பட்டுப் பதினேழு மாதங்கள் கழித்து.