பிறந்த இடம்: புதுச்சேரிப் பதிவேடுகளின் வரலாறு, 1676–2023

1962 ஆகஸ்ட் 16 அன்று இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில் யார் எந்த நாட்டவர் என்பதை அன்று தீர்மானித்தது பிறப்புப் பதிவேட்டின் ஒரு வரி: பிறந்த இடம். ஒப்பந்தத்தின் குடியுரிமை விதிகள், பிரெஞ்சு ஆட்சிப்பகுதியில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்களை இந்தியராக்கின. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். ஆனால் அந்தப் பகுதிக்கு வெளியே, கடலூரிலோ சைகோனிலோ பிறந்துவிட்டுப் புதுச்சேரியில் குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்களைப் பற்றி அவ்விதிகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அவர்கள் எதையும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தார்கள் என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் பின்னாளில் பொருள் கொண்டன.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். முத்தியால்பேட்டையில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் கடலூரில் பெண் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மூத்த பிள்ளை கடலூரில் தாத்தா வீட்டில் பிறக்கும். இளையது புதுச்சேரியிலேயே பிறக்கும். இருவரும் 1962க்குள் வளர்ந்து ஆளாகி, ஆறு மாதக் கெடுவில் யாரும் மனுக் கொடுக்காமல் இருந்திருந்தால், மூத்தவர் பிரெஞ்சுக்காரர், இளையவர் இந்தியர். வளைகாப்பு முடிந்து வண்டியேறியபோது யாரும் குடியுரிமையை நினைத்திருக்க மாட்டார்கள். எழுதிய குமாஸ்தா கனவிலும் நினைக்காத ஒரு கேள்விக்கு, அடுத்த தலைமுறை அதே ஏட்டில் விடை தேடும். முந்நூற்றைம்பது ஆண்டுப் புதுச்சேரிப் பதிவுமுறையில் மாறாமல் வருவது இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் 1674இல் இங்கே காலூன்றினார். கிறித்தவர்களின் பிறப்பு, மணம், இறப்பு பற்றிய ஏடுகள் 1676 முதல் நமக்குக் கிடைக்கின்றன. அவை கோயில் ஏடுகள்: பாதிரியார் ஞானஸ்நானத்தை எழுதுவார், அதுவே பிறப்புக்குச் சான்று. இந்துக்களும் முஸ்லிம்களும் அந்த ஏட்டுக்குள் வரவில்லை. அவர்களுடைய கொடுக்கல் வாங்கலும் சொத்துத் தகராறும் சாவடி நீதிமன்றத்துக்குப் போயின. 1766 முதல் 1817 வரையான அதன் தீர்ப்புகளைப் பிற்காலத்தில் ழான்-குளோத் பொன்னான் பதிப்பித்திருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை நாள்வாரியாகத் தருகிறது. ஆனாலும் அன்றைய ஒரு நெசவாளர் பிறந்த தேதியைச் சொல்ல ஊரில் எந்த ஏடும் இல்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை, ஜாதகம் போதுமானதாக இருந்தது.

1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதன்பின் 1816 வரை ஊர் பலமுறை கைமாறியது. இத்தனைக்கும் தப்பி ஏடுகள் ஓரளவு மிஞ்சியிருப்பதற்குப் பெரும் காரணம் 1776 ஜூன் மாத அரசாணை. குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்குக் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து வெர்சாய் நகரில் அதற்கென அமைத்த காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது அது. பிரான்சில் இரண்டு பிரதி. கடல் கடந்த ஊர்களில் மூன்று. கரையான், உப்புக்காற்று, பீரங்கி மூன்றையும் மனத்தில் வைத்து யாரோ ஒரு கெட்டிக்கார அதிகாரி யோசித்திருக்க வேண்டும். அந்த மூன்றாம் பிரதிகள் இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகளின் ஏடுகளை இணையத்திலேயே புரட்டிப் பார்க்கலாம்.

1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. கூடவே, இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கப்படியே தீர்ப்புப் பெறுவார்கள் என்றும் உறுதி சொன்னது. அந்த வழக்கம் எது என்று நீதிபதிகளுக்கு எடுத்துச் சொல்ல 1827இல் ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்தது. ஒரே ஊரில் இரண்டு வகை மனிதர்கள், இரண்டு வகைச் சட்டம் என்ற இந்த ஏற்பாடு அடுத்த அறுபது ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி நீடித்தது.

திருப்பம் 1880இல் வந்தது. அவ்வாண்டு மார்ச் 12 ஆணை பிரெஞ்சிந்தியாவில் நகரசபைகளை உருவாக்கியது. ஏப்ரல் 24 ஆணை, சிவில் பதிவு பற்றிய பிரெஞ்சு விதிகளை உள்ளூர் மக்களுக்கும் விரித்தது. ‘மேரி’ என்று இன்றும் நம்மவர் சொல்லும் நகரசபைக் கட்டடமும், ‘மேர்’ என்ற அதன் தலைவரும், ‘எத்தா சிவில்’ என்ற பதிவேடும் சாதாரணப் புதுச்சேரிக்காரரின் வாழ்க்கைக்குள் ஒருசேர நுழைந்த ஆண்டு அது.

அந்தப் பதிவேட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. ஆங்கிலேயரின் பதிவேடு கட்டங்கள் போட்ட அட்டவணை. பிரெஞ்சுப் பதிவேடு தொடர் உரைநடை: இந்த ஆண்டு, இந்த மாதம், இத்தனை மணிக்கு, சிவில் பதிவு அதிகாரியான நம் முன்னிலையில், இன்ன வயதும் இன்ன தொழிலும் உள்ள இன்னார் நேரில் வந்து சொன்னார் என்று நீளும். தேதியை எண்ணால் எழுதக் கூடாது, எழுத்தால்தான் எழுத வேண்டும். சுருக்கெழுத்துக் கூடாது, வரிகளுக்கு நடுவே வெற்றிடம் விடக் கூடாது, அடித்துத் திருத்தினால் அதற்கும் தனியே ஒப்பம் வேண்டும். ஏட்டின் ஒவ்வொரு தாளுக்கும் நீதிமன்றத் தலைவர் முன்கூட்டியே எண்ணும் சுருக்கொப்பமும் இட்டுத் தர வேண்டும். பிறகு யாரும் ஒரு தாளைக் கிழிக்கவோ செருகவோ முடியாது. ஆண்டு முடிந்ததும் ஏட்டை மூடுவார்கள்; அதன் பிரதிகளில் ஒன்று நகரசபையிலும் இன்னொன்று நீதிமன்ற அலுவலகத்திலும் சேரும். யார் வேண்டுமானாலும் கேட்டு நகல் பெறலாம் என்பதும் அதே சட்டத் தொகுப்பின் மூல விதிகளில் இருந்தது.

ஏட்டின் ஓரத்தில் விட்ட வெள்ளை இடம்தான் எனக்கு மிகச் சுவையானது. பிரான்சில் 1897ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவருக்குத் திருமணம் ஆனால் அதை அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிக்கச் சொன்னது. காலப்போக்கில் மணமுறிவு, பெயர் மாற்றம், இறப்பு எல்லாம் அந்த ஓரத்துக்கு வந்தன. நம் பிறப்புச் சான்றிதழ் பிறந்த அந்த ஒரு நாளைத்தான் சொல்லும். அவர்களுடையது ஆயுள் முழுக்க எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் பிரெஞ்சு அலுவலகங்கள் ஐம்பது வயதுக்காரரிடமும் ‘புதிதாக எடுத்த’ பிறப்புப் பதிவு நகல் கேட்கின்றன. இந்த வேறுபாடு புரியாமல், வீட்டில் பத்திரமாக இருக்கும் பழைய நகலை நீட்டித் திரும்பி வந்தவர்கள் நம்மூரில் ஏராளம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. சென்னை மாகாணக் கிராமங்களில் பிறப்பு இறப்புக் கணக்கைக் கிராம முன்சீப் எழுதினார். பெரும்பாலும் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்பதோடு சரி. பெயர்க் கட்டம் காலி. தவறு முன்சீப் மேல் இல்லை. பதினொன்றாம் நாளோ பதினாறாம் நாளோ பெயர் வைக்கும் வீட்டில், பிறந்த செய்தி எழுதும்போது பெயர் எங்கிருந்து வரும்? பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பின் மூல விதியோ மூன்று நாளுக்குள் குழந்தையைப் பெயரோடு பதியச் சொன்னது. தாய்வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை கோரியவர்கள் கையில் சிக்கியது பெரும்பாலும் இந்தப் பெயரில்லாத ஆங்கிலேய ஆட்சிப் பதிவுதான்.

1881 செப்டம்பர் 21 ஆணை பதிவேட்டுக்கு இன்னொரு வேலை கொடுத்தது. இருபத்தொரு வயது நிறைந்த எந்த இந்தியரும், ஆணானாலும் பெண்ணானாலும், எந்தச் சாதி சமயமானாலும், தன் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. துறக்கும்போதே தனக்கும் தன் வழியினருக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். ‘ரெனோன்சான்’ என்ற பிரிவு இப்படிப் பிறந்தது. இதன் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியர் போலக் காலணியும் காலுறையும் அணிந்து வாதாடக் கூடாது என்று 1873இல் உள்ளூர் நீதிமன்றம் தடுத்தபோது, பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றவர் அவர். பிறகு லா போர்த் என்ற குடும்பப் பெயரை ஏற்றார்.

சாதித் தளையிலிருந்து விடுதலை என்று சிலர் இதை வரவேற்றார்கள். சண்முக வேலாயுத முதலியார் தலைமையிலான வைதிக அணி கடுமையாக எதிர்த்தது. சமூகச் சீர்திருத்தமாக மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் தெரியும். 1884இல் ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என மூன்று வாக்காளர் பட்டியல்கள் வந்ததும், துறவுப் பதிவு வாக்கு எண்ணிக்கையாக மாறியது. சைகோனில் பிரெஞ்சு அரசு வேலைக்குப் போனவர்களுக்கு அதே பதிவு உயர்ந்த சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் வழக்காடும் ஆதாரமாயிற்று. பட்டாளத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் ஓய்வூதியம் வாங்க மணப் பதிவு நகல் தேவைப்பட்டது.

சொத்து, வணிகப் பத்திரங்கள் ‘நோத்தேர்’ என்ற பிரெஞ்சுப் பத்திர அதிகாரியின் கையில் இருந்தன. அங்கே மூலப் பத்திரம் நோத்தேரிடமே தங்கும். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கிடைப்பது அவர் ஒப்பமிட்ட நகல். ஆங்கிலேயர் வகுத்த பதிவுச் சட்டத்தில் இது தலைகீழ்: மூலம் உரிமையாளரிடம் திரும்பும், நகல் சார்பதிவாளர் புத்தகத்தில் நிற்கும். 1968க்குப் பின் இந்தியச் சட்டங்கள் பரவலாக வந்தபோது, தலைமுறையாக வந்த பிரெஞ்சுப் பத்திரத்தைக் காட்டி வங்கிக்குப் போனவரிடம் ‘ஒரிஜினல் எங்கே’ என்று கேட்கும் நிலை இதனால் வந்தது. அவரிடம் ஒரிஜினல் எப்போதுமே இருந்ததில்லை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் பதிவேடுகளையும் மறக்கவில்லை. நிர்வாகம் கைமாறிய நாள்வரையான சிவில் பதிவேடுகள் இங்கேயே பாதுகாக்கப்பட வேண்டும். உரியவர்கள் கேட்டால் நகல் தர வேண்டும். அதிகாரிகள் கப்பலேறினார்கள், ஏடுகள் தங்கிவிட்டன. பிரான்சும் 1968 ஜூலை 25ஆம் தேதிச் சட்டத்தின் மூலம், பழைய ஆட்சிப்பகுதிகளில் பிறந்த தன் குடிமக்களின் பதிவுகளை நாந்த் நகரத்தின் மையச் சிவில் பதிவு அலுவலகத்தில் மறுபடி உருவாக்க வழி செய்தது. ஆகவே ஒரே மனிதருக்கு இங்கே ஒரு மூலமும் நாந்தில் ஒரு மறுவுருவமும் உண்டு. இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் பாக்கியம்.

துறவுப் பதிவுக்கும் ஆயுள் முடியவில்லை. இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு 1963இல் விரிவானபோது, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கும் சேர்க்கப்பட்டது. முப்பாட்டனார் கையெழுத்திட்ட ஒரு தாளை வைத்து, இந்தியக் குடிமக்களான இன்றைய வாரிசுகளின் மணமுறிவையும் பாகப்பிரிவினையையும் எந்தச் சட்டத்தில் தீர்ப்பது என்று நீதிமன்றங்கள் ஆராய வேண்டியிருக்கிறது.

பிறப்பு, இறப்புப் பதிவு இப்போது 1969ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. நகரங்களில் நகராட்சி, கிராமங்களில் கொம்யூன் பஞ்சாயத்து. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பிரிவின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருபத்தொரு நாளுக்குள் பதிவு இலவசம். பெயரைப் பிறகு சேர்க்கலாம்: ஓராண்டுவரை கட்டணமில்லை, கட்டணம் செலுத்திப் பதினைந்து ஆண்டுவரை. பதினாறாம் நாள் பெயர் வைக்கும் வழக்கத்துக்குச் சட்டம் ஒருவழியாக இடம் கொடுத்தது. நிகழ்வு எந்த எல்லைக்குள் நடந்ததோ அங்கேதான் பதிவு, வீடு எங்கே என்பது கணக்கில் இல்லை. ஜிப்மர் மருத்துவமனை உழவர்கரை நகராட்சி எல்லையில் இருப்பதால், அங்கே பிறக்கும் விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டக் குழந்தைகளுக்கும் சான்றிதழ் உழவர்கரையில்தான். தாய்வீட்டின் இடத்தை மருத்துவமனை பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறந்த இடத்துக்கும் குடியிருக்கும் ஊருக்கும் இடையே இருந்த விலகல் எதிர்த்திசையில் தொடர்கிறது.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அந்நாளிலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், அரசு வேலை உள்ளிட்டவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழையே ஒற்றைச் சான்றாக ஆக்கியது. அதே திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு மாற்றமும் உண்டு. ஓராண்டு கடந்து பதிய வேண்டுமானால் முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் ஆணை பெற வேண்டும். இப்போது அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் அவர் கீழுள்ள நிர்வாக நடுவர்களுக்கும் போயிருக்கிறது. பிரெஞ்சு முறையில், விட்டுப்போன பிறப்பை நீதிமன்றத் தீர்ப்பே நிரப்பும். அந்தத் தீர்ப்பு அப்படியே ஏட்டில் ஏறும். வருவாய்த் துறை அதிகாரியின் ஆணையால் பதிவான பிறப்பை, தீர்ப்பு கேட்டே பழகிய பிரெஞ்சு அலுவலகங்கள் எப்படி எடைபோடும் என்பது, பிரான்சிலுள்ள உறவினரின் வாரிசுரிமைக்கோ குடியுரிமைக்கோ இனி மனுப்போடும் புதுச்சேரிக் குடும்பங்களின் வழக்குகளில்தான் தெரியவரும்.