ஆமூர் மல்லும் எதிரடியும்: புறநானூறு 80ஆம் பாட்டை மீண்டும் வாசித்தல்

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் பாடும் புறநானூற்றுப் பாடல்களை வலிமைப் புகழ்ச்சியாகவே வாசிப்பது நெடுநாள் வழக்கம். மல்லன் பலசாலி, கிள்ளி அவனிலும் பலசாலி, கூடுதல் பலம் வென்றது. கால் எங்கே இருந்தது, யார் முந்தினார் என்பதெல்லாம் புலவர் சேர்த்த அணி. இவ்வளவுதான் அந்த வாசிப்பின் சாரம். சாத்தந்தையாரின் 80ஆம் பாட்டை உடலசைவின் வரிசைப்படி படித்தால் இந்த முடிவு நிற்காது என்பது என் வாதம். அந்தப் பாட்டில் உபாயத்தைத் தொடங்குகிறவன் மல்லன். அந்தத் தொடக்கத்தையே பிடியாக மாற்றிக்கொள்கிறவன் கிள்ளி. குத்துச்சண்டை மேடையில் இன்று ‘கவுண்டர்’ என்று சொல்லும் எதிரடிக் கலையின் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்றாக இதை வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

எதிரடி என்பது தற்காப்புக்குப் பின் வரும் அடி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிப் பிரித்துவிட்டால் கலையின் உயிர்நாடியே போய்விடும். 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் மாக்ஸ் ஷ்மெலிங், அதுவரை தோல்வியே காணாத ஜோ லூயிஸை 12ஆவது சுற்றில் சாய்த்தார். லூயிஸ் இடக்கையால் குத்திவிட்டுக் கையைத் திரும்ப இழுக்கும்போது அதைச் சற்றுத் தாழ்த்தினார். அந்தக் கண இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலக்கை பாய்ந்தது. லூயிஸ் குத்தாமல் இருந்திருந்தால் அந்த இடைவெளியே திறந்திருக்காது. 2012 டிசம்பரில் ஹுவான் மானுவல் மார்க்கெஸின் வலக்கை மானி பக்கியாவோவைக் குப்புற வீழ்த்தியபோதும் நடந்தது இதுதான்: பக்கியாவோ பாய்ந்து வந்த வேகமும் அந்தக் குத்தோடு சேர்ந்துகொண்டது. ஆகவே ஒரு சண்டை விவரணையில் எதிரடியைத் தேடுகிறவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: எதிராளியின் முயற்சி முதலில் வருகிறதா, தடுத்த உறுப்பே தாக்குகிறதா, எதிராளியின் விசை அவனுக்கே எதிராகத் திரும்புகிறதா.

இனி 80ஆம் பாட்டு. ஒரு கால் மல்லனின் மார்பில் மடிந்து பதிந்திருக்கிறது. மற்றொரு கால் வந்துகொண்டிருக்கும் ஒன்றைத் தாங்கி, பின்புறம் வளைந்து நிற்கிறது. வருவது இன்னதென்று பாட்டு விரிக்கவில்லை. பழைய உரைகாரர் அதை மல்லனின் உபாயம் என்றே கொண்டார். புறநானூற்றின் முதல் 266 பாட்டுகளுக்கு நமக்குக் கிடைத்துள்ள அந்த உரையை இந்த இடத்தில் விட்டு விலகக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. வலிமை வாசிப்பினர் உரையை ஏற்றுக்கொண்டு, அதன் விளைவை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மார்பில் கால் பதிந்துவிட்டது, ஆகவே ஆட்டம் முடிந்தது, எஞ்சியது வெற்றிக்கோலம் என்பது அவர்கள் கணக்கு. முடிந்த ஆட்டத்தில் உபாயம் எங்கிருந்து வரும்? மார்பில் கால் பதிந்த பிறகும் மல்லன் ஏதோ செய்ய முயல்கிறான். அதைத் தடுத்த கால் தடுத்ததோடு திரும்பவில்லை, வளைந்து அவன் முதுகுப்புறத்தைப் பூட்டுகிறது. தடையும் பூட்டும் ஒரே காலில், ஒரே வாக்கியத்தில், இடைவெளியின்றி வருகின்றன. வெறும் பலத்தைப் பாட நினைத்த புலவருக்கு இரண்டாவது கால் தேவையே இல்லை. மல்லன் மார்பில் ஏறி நின்றான் என்று முடித்திருக்கலாம்.

வலிமை வாசிப்பு பெரிதும் சாய்ந்து நிற்பது அப்பாட்டின் யானை உவமையில்தான். பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல, இரு முனையும் முறியுமாறு கிள்ளி மோதினான். யானை என்றதும் பலம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆனால் மூங்கில் வளைந்து மீளும் பொருள். இழுத்தால் அதே விசையில் திரும்பி வரும். யானை அதை ஒரு முனையில் காலால் மிதித்து, மறுமுனையைத் துதிக்கையால் வளைத்துத்தான் ஒடிக்கிறது. மீளும் விசையை எதிர்த்து இழுத்துக்கொண்டே இருப்பதற்குப் பதில், அதற்குப் போக்கிடம் இல்லாமல் செய்கிறது. மார்பில் ஒரு கால், முதுகில் ஒரு கால் என்ற முந்தைய அடிகளின் படம் இங்கே அப்படியே திரும்ப வருகிறது. தலையும் காலுமாகிய இரு முனை என்று உரை சொல்வதும் இதற்குப் பொருந்தும். உவமை முழுவதும் என் வாசிப்புக்குள் அடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை; யானையில் பலமும் இருக்கிறது. பலம் மட்டும் இருக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

இதே கிள்ளியைப் பாடிய புலவர் நக்கண்ணையாரின் பாடல்கள் இதை மேலும் உறுதியாக்குகின்றன. 84இல் கிள்ளி, செருக்கோடு வந்த மறவர்க்கு உமணர் அஞ்சும் துறை போன்றவன். இதை ‘அச்சந்தரும் வீரன்’ என்று சுருக்குவது உவமையை வீணாக்குவதாகும். துறை யார்மீதும் பாய்வதில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியோடு இறங்குகிறவனுக்குத்தான் கேடு, பாரம் மிகுந்தால் கேடும் மிகும். மரக்காணத்து உப்பளங்களையும், புதுச்சேரியில் வில்லியனூரை ஒட்டி மணலும் சேறுமாக மாறிமாறிக் கிடக்கும் சங்கராபரணிப் படுகையையும் அறிந்தவர்களுக்கு இந்த உவமையின் கூர்மையை விளக்கத் தேவையில்லை. தாக்கிச் செல்லும் வீரனுக்குச் சங்கப் புலவர்களிடம் புலி, சுறா, கூற்றம் என்று எவ்வளவோ இருந்தன. அவற்றை விட்டுவிட்டு அசையாத துறையை நக்கண்ணையார் எடுத்தது, வந்தவனின் வேகமே வந்தவனைக் கெடுக்கும் ஒரு ஆட்டத்தைக் கண்டவர் என்பதால்தான்.

85ஆம் பாட்டு இன்னும் வியப்பானது. வெற்றி அவனுக்கே என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை என்கிறார்கள் மறு சாரார். பாட்டில் பேசும் பெண்ணோ சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, முழவு போலப் பருத்த அடியுடைய பனையைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணால் கண்டேன் என்கிறாள். காதல் மயக்கம் என்று இதை ஒதுக்குவது எளிது. பலத்தால் நசுக்கி வென்றிருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்காது. எதிரடிக்காரனின் ஆட்டத்தில்தான் பார்வையாளர் இப்படிப் பிரிவார்கள், ஏனெனில் முன்னேறுகிறவன் வெல்கிறவன் போலவே தோன்றுவான். 1993 செப்டம்பரில் சான் அன்டோனியோவில் பெர்னல் விட்டேக்கர், தோல்வியறியாத ஹூலியோ சீசர் சாவேஸை முன்னேறவிட்டு வெறுங்காற்றைக் குத்தவைத்தார்; நடுவர் மூவரில் இருவர் சமன் என்று எழுதினார்கள், மேடையருகில் இருந்த செய்தியாளர்களில் பெரும்பாலோர் விட்டேக்கரே வென்றார் என்றார்கள். 85ஆம் பாட்டின் மறு சாரார் அந்த இருவரைப் போன்றவர்கள்.

மற்போரையும் குத்துச்சண்டையையும் ஒன்றாக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. விதிகள் வேறு, கைகால் வேலை வேறு. ஆனால் எதிரடி முட்டிக்கு மட்டும் உரிய சொத்தன்று. வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் சிலம்பம் பழகுகிறவர்களைக் கவனித்தால் போதும்: தடுத்துவிட்டு அடிக்கிறவன் இன்னும் மாணவன், தடுத்த சுற்றையே அடியாக முடிக்கிறவனைத்தான் வாத்தியார்கள் தேர்ந்தவன் என்பார்கள். கம்புக்கும் காலுக்கும் பொதுவான இந்த ஒழுங்கு முட்டிக்கு மட்டும் அந்நியமாகாது. அரிக்கமேட்டில் யவனப் பண்டங்கள் கிடைத்ததைக் காட்டி, மற்கலையும் கப்பலில் வந்திருக்கலாம் என்பாரும் உண்டு. மண்கலம் வந்த வழியில் மார்பில் வைக்கும் காலும் வந்தது என்பதற்குச் சான்று தேவை, அது இல்லை. அதேபோல, இந்த ஆமூரை நல்லியக்கோடனின் ஒய்மாநாட்டு ஆமூராகக் கொண்டு போட்டியைப் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கொண்டுவர ஆசை எழலாம். பாட்டின் அடிக்குறிப்பாகிய கொளுவில் முக்காவல் நாடு என்று தெளிவாக இருக்கும்போது ஊர்ப்பெயர் ஒற்றுமை மட்டும் போதாது.

82ஆம் பாட்டுதான் என் வாசிப்புக்குச் சற்று இடைஞ்சல். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுவலி, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. கட்டில் பின்னுகிறவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசியின் விரைவு இந்தப் போரின் விரைவு. விரைவு தாக்குகிறவனுக்கே உரியது, காத்திருப்பவனுக்கு ஏது என்று கேட்கலாம். காத்திருத்தல் மந்தம் என்று எண்ணுவதால் எழும் கேள்வி இது. ஷ்மெலிங்கின் வலக்கைக்குக் கிடைத்த நேரம் கண்ணிமைப்பொழுது. எதிரடியில் பொறுமை நெடியது, அடியோ மிகக் குறுகியது. ஊசியும் இடைவெளி பார்த்தே நுழைகிறது என்று இன்னும் ஒரு படி போகலாம், ஆனால் பாட்டு அவ்வளவு சொல்லவில்லை.

நக்கண்ணையார் பாடல்களில் மல்லன் பேச்சே இல்லை, அவற்றை 80ஆம் பாட்டோடு சேர்த்தது கொளுவே என்ற எச்சரிக்கை ஏற்கத்தக்கது. கொளுக்களை முழுதும் தள்ளினால் 84, 85ஐ நான் இழப்பேன். 80ஐ இழக்க மாட்டேன். அதிலேயே இன்னொரு குறிப்பு எஞ்சியிருக்கிறது. தந்தை தித்தன் இவனுக்கு அருள்கிறானோ இல்லையோ, மல்லனை இவன் வெல்லும் இந்த நிலையை அவன் காண வேண்டும் என்கிறார் புலவர். மகன் பலசாலி என்ற செய்தி தூதர் வாயிலாகவும் உறையூர் போகும். வந்த உபாயத்தைத் தடுத்த கால் எந்தக் கணத்தில் பூட்டாக மாறியது என்பதைத் தூதரால் சொல்ல முடியாது. அதனால்தான் தித்தன் கேட்க வேண்டும் என்று பாடாமல், காண வேண்டும் என்று சாத்தந்தையார் பாடுகிறார்.