ஷார்ட்லிஃப், எட்வர்ட்

ஷார்ட்லிஃப், எட்வர்ட் ஹான்ஸ் (பிறப்பு: 1947): மருத்துவர், கணினி அறிஞர், உயிர்மருத்துவத் தகவலியல் பேராசிரியர். கனடாவின் எட்மன்டன் நகரில் பிறந்தவர். கல்வியும் பணியும் பெரும்பாலும் அமெரிக்காவில். தொற்றுநோய்க்கு எந்த மருந்து தரலாம் என்று மருத்துவருக்கு யோசனை சொன்ன ‘மைசின்’ என்னும் கணினி நிரலை, மருத்துவ மாணவராக இருந்தபோதே 1970களின் முற்பகுதியில் படைத்தார். ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்?’ என்று மருத்துவர் கேட்டால் காரணத்தை எடுத்துச் சொன்ன நிரல் அது. கணினி மருத்துவத்துக்குள் வரும்போது மருத்துவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான் என்று இவர் 25 வயதிலேயே கண்டுகொண்டார். பின்னாளில் இவர் செய்த ஆய்வு, கற்பித்தல், நிர்வாகம் எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி தொடர்ந்து வருகிறது.

உயிர்மருத்துவத் தகவலியல் என்பது நோயாளியின் குறிப்பேடு, ஆய்வுக்கூட முடிவுகள், மரபணு வரிசை, மருத்துவ நூலறிவு ஆகியவற்றை எப்படிச் சேர்த்து வைப்பது, எப்படித் தேடி எடுப்பது, அவற்றைக் கொண்டு எப்படி முடிவெடுப்பது என்று ஆராயும் துறை. மருத்துவமனையில் கணினி வாங்கிப் பொருத்தும் வேலை என்று இதை நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றுவதற்கே ஷார்ட்லிஃப் தம் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டார் என்றால் மிகையில்லை.

கல்வி

ஹார்வர்டு கல்லூரியில் பயன்முறைக் கணிதம் படித்து 1970-இல் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட் நடத்திய கணினி ஆய்வகத்தில் வேலை செய்தார். மருத்துவமனைப் பதிவுகளுக்காகவே வகுக்கப்பட்ட ‘மம்ப்ஸ்’ என்னும் நிரல்மொழி 1960களின் பிற்பகுதியில் பிறந்தது அந்த ஆய்வகத்தில்தான். பார்னெட் மருத்துவராகவும் இருந்தார், கணினி ஆராய்ச்சியாளராகவும் இருந்தார். அந்த இரண்டையும் ஒருவரே செய்யலாம் என்று இளைஞர் ஷார்ட்லிஃப் நேரில் கண்டது அங்கேதான்.

அடுத்து ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பாடங்களை மாணவர் விருப்பப்படி அமைத்துக்கொள்ளவும், இடையே வேறு துறையில் ஆய்வு செய்யவும் அக்கல்லூரி இடம் தந்தது. அவர் விரும்பிய துறைக்கு அப்போது பெயரே இல்லை. பல துறைகளை ஒட்டி, ‘மருத்துவத் தகவல் அறிவியல்’ என்று ஒரு பாடத்திட்டத்தைத் தமக்கென்று வகுத்துக்கொண்டு 1975-இல் முனைவர் பட்டமும், 1976-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

மைசின்

ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின் போல ‘மைசின்’ என்று முடியும் மருந்துப் பெயர்களை மருந்துச்சீட்டில் பார்த்தவர்களுக்கு இந்த நிரலின் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். நுண்ணுயிர்க்கொல்லிகள் தேவையில்லாத இடத்திலும் தவறான தேர்விலும் எழுதப்படுகின்றன என்ற கவலை அமெரிக்க மருத்துவமனைகளில் வலுத்திருந்த காலம் அது. இரத்தத்தில் கிருமி கலந்த நோயாளிக்கு மருந்து உடனே வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அந்த இடைவெளியில் மருத்துவர் அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். தொற்றுநோய் வல்லுநர் பக்கத்தில் இருந்தால் நல்லது. எல்லா மருத்துவமனையிலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை.

ஸ்டான்ஃபோர்டில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி கோஹன், மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைக் கண்காணிக்கும் ‘மெடிஃபோர்’ என்னும் கணினி முறையை அதற்கு முன்பே நடத்திவந்தார். 1973-இல் ஹெர்பர்ட் போயரோடு சேர்ந்து மரபணு இணைப்புத் தொழில்நுட்பத்தைத் தொடங்கிவைத்த அதே கோஹன்தான் இவர். கணினித் துறைப் பக்கத்தில் புரூஸ் புக்கனன் வழிகாட்டினார். வேதியியல் மூலக்கூறுகளின் அமைப்பை ஊகிக்கும் ‘டென்ட்ரல்’ நிரலை எட்வர்ட் ஃபைகன்பாம், நோபல் பரிசாளர் ஜோஷுவா லெடர்பெர்க் ஆகியோரோடு வளர்த்தவர் அவர். தொற்றுநோய் மருத்துவர் ஸ்டான்டன் ஆக்ஸ்லைனும் குழுவில் சேர்ந்தார். இவர்கள் ஒன்றுகூடி, உண்மையான நோயாளிகளின் குறிப்புகளை மேசையில் விரித்துவைத்துப் பேசினார்கள். இந்த நோயாளிக்கு இந்த மருந்து என்று எப்படித் தோன்றியது என்று மருத்துவர்களைத் துருவிக் கேட்டுக் கேட்டு, அவர்கள் தங்களுக்கே தெரியாமல் பின்பற்றிய விதிகளை ஷார்ட்லிஃப் எழுத்தில் பிடித்தார். தொடக்கத்தில் சுமார் 200 விதிகள் இருந்தன. பின்னர் இன்னும் பெருகின.

ஒவ்வொரு விதியும் ‘இப்படி இருந்தால் இப்படி’ என்ற வடிவில் இருந்தது. கிருமி கிராம் சாயச் சோதனையில் எதிர்வகை, கோல் வடிவம், பிராணவாயு இல்லாமல் வளர்வது என்றால் அது பாக்டீராய்டிஸ் ஆக இருக்கலாம் என்பது ஒரு விதி. அதன் நம்பிக்கை அளவு 0.6. தொற்று இரத்தத்திலேயே தோன்றியது, மாதிரி எடுத்தது கிருமி இருக்கக் கூடாத இடத்தில், கிருமி நுழைந்த வழி செரிமானப் பாதை என்றாலும் அதே கிருமியின் மேல்தான் ஐயம் விழும். அதன் அளவு 0.7. இந்த எண்ணுக்கு ‘உறுதிக் காரணி’ என்று பெயர். −1 என்றால் நிச்சயமாக இல்லை, +1 என்றால் நிச்சயமாக உண்டு. இரண்டு விதிகளும் பொருந்தினால் அவற்றை அப்படியே கூட்டுவதில்லை. 0.7-க்குப் பிறகு மிஞ்சியிருக்கும் 0.3 ஐயத்தில் 0.6 பங்கை மட்டும் சேர்ப்பார்கள், 0.88 கிடைக்கும். எந்தச் சான்று முதலில் வந்தாலும் விடை மாறாது. இந்தக் கணக்கை விளக்கி ஷார்ட்லிஃபும் புக்கனனும் 1975-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது.

நிரல் முடிவிலிருந்து பின்னோக்கி வேலை செய்தது. சிகிச்சை தேவையா என்பது முதல் கேள்வி. அதற்கு விடை காணக் கிருமி எது என்று தெரிய வேண்டும். கிருமியை அறிய அது எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். இப்படி இறங்கி இறங்கி, தன்னிடம் இல்லாத தகவலை மட்டும் மருத்துவரிடம் கேட்டது. நடுவில் மருத்துவர் ‘ஏன்’ என்று தட்டினால், தான் எந்த விதியைச் சோதித்துக்கொண்டிருக்கிறது, அதில் எவை ஏற்கெனவே உறுதியாகிவிட்டன, இந்தக் கேள்வி எதற்காக என்று ஆங்கில வாக்கியங்களில் காட்டியது. ‘எப்படி’ என்று கேட்டால் முடிவுக்கு வந்த வழியைச் சொன்னது. கடைசியில், ஐயத்துக்குரிய கிருமிகள் எல்லாவற்றையும் இயன்றவரை குறைந்த மருந்துகளால் அடக்கும் சேர்க்கையைத் தேர்ந்து, நோயாளியின் ஒவ்வாமை, சிறுநீரக நிலை ஆகியவற்றைப் பார்த்து அளவும் குறித்தது. லிஸ்ப் மொழியில் எழுதப்பட்ட இந்நிரல், மருத்துவ ஆராய்ச்சிக்கென்று ஸ்டான்ஃபோர்டில் நிறுவப்பட்ட ‘சூமெக்ஸ்-ஏய்ம்’ என்னும் பிடிபி-10 கணினியில் ஓடியது.

இதன் திறத்தைச் சோதித்த முறை நிரலைப் போலவே முன்மாதிரியானது. மூளையுறை அழற்சி நோயாளிகள் 10 பேரின் விவரங்கள் மைசினுக்கும், ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய்ப் பேராசிரியர்கள் ஐவருக்கும், பயிற்சி நிலையில் இருந்த மருத்துவர்களுக்கும், ஒரு மாணவருக்கும் கொடுக்கப்பட்டன. எந்த மருந்துச்சீட்டை யார் எழுதியது என்று மறைத்து, வெளி நிறுவனங்களைச் சேர்ந்த வல்லுநர்கள் எட்டுப் பேரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். மைசினின் சீட்டுகளுக்கு அவர்கள் தந்த மதிப்பீடுகளில் 65 விழுக்காடு ‘ஏற்கத்தக்கது’ என்றிருந்தது. பேராசிரியர்கள் பெற்றது 42.5 முதல் 62.5 வரை. 1979-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. எழுதியவர் பெயரை மறைக்காமல் கேட்டிருந்தால் கணினியின் சீட்டுக்கு இந்த நியாயம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இவ்வளவு தேறியும் மைசின் எந்த வார்டிலும் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்ற சட்டச் சிக்கலைப் பல நூல்கள் காரணமாகச் சொல்கின்றன. ஆனால் பெரிய தடை நடைமுறையில் இருந்தது. நோயாளியின் விவரம் முழுவதையும் மருத்துவரே ஒரு தனி முனையத்தின் முன் உட்கார்ந்து, அரை மணி நேரம் வரை தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தோடும் குறிப்பேட்டோடும் அந்தக் கணினிக்குத் தொடர்பே இல்லை. வேலை நெருக்கத்தில் இருக்கும் மருத்துவர் எவரும் அதைச் செய்யமாட்டார்.

உறுதிக் காரணியின் கணித அடிப்படை பற்றியும் விவாதம் நடந்தது. சான்றுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற மறைவான எடுகோள் அதில் இருப்பதை டேவிட் ஹெக்கர்மன் 1980களில் காட்டினார். அவர் ஷார்ட்லிஃப் நிறுவிய பாடத்திட்டத்திலேயே படித்தவர். எண்களைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றினாலும் மைசின் எழுதும் மருந்து பெரிதும் மாறவில்லை என்று சோதனைகளில் தெரிந்ததால், நடைமுறையில் அந்தக் குறை பாதகம் செய்யவில்லை.

ஷார்ட்லிஃபின் முனைவர் பட்ட ஆய்வு 1976-இல் நூலாக வந்தது. அதே ஆண்டு கணினித் துறை இளைஞர்களுக்குரிய கிரேஸ் மரே ஹாப்பர் விருது இவருக்குக் கிடைத்தது. மைசினிலிருந்து மருத்துவ விதிகளை நீக்கிவிட்டு, எந்தத் துறையின் விதிகளையும் இட்டு நிரப்பத்தக்க ‘இமைசின்’ என்னும் வெறுங்கூட்டை வில்லியம் வான் மெல் உருவாக்கினார். நுரையீரல் சோதனை முடிவுகளை விளக்கும் ‘பஃப்’ அதன் வழியில் வந்து, சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றில் அன்றாட வேலைக்கே பயன்பட்டது. ராண்டல் டேவிஸின் ‘டைரீசியஸ்’, வில்லியம் கிளான்சியின் ‘கைடன்’ ஆகியவையும் இந்தக் குடும்பமே. பிட்ஸ்பர்க், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களிலும் அக்காலத்தில் மருத்துவ நிரல்கள் எழுதப்பட்டன. வல்லுநரின் அறிவை விதிகளாக்கி இயங்கும் இத்தகைய நிரல், அதாவது ‘வல்லுநர் முறைமை’, என்ற கருத்து உலகெங்கும் பரவியதில் மைசினுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆங்கோசின்

மருத்துவப் பயிற்சியை முடித்து 1979-இல் ஸ்டான்ஃபோர்டு ஆசிரியராகச் சேர்ந்த ஷார்ட்லிஃப், மைசின் கற்றுத்தந்த பாடத்தை வைத்தே அடுத்த வேலையைத் தொடங்கினார். கணினி யோசனை முறைகளிடம் மருத்துவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று இவரும் ராண்டி டீச்சும் நடத்திய ஆய்வு 1981-இல் வெளியானது. காரணத்தை விளக்கும் திறனுக்கே மருத்துவர்கள் முதலிடம் கொடுத்திருந்தார்கள்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி நெறிமுறைகள் பல பக்கங்கள் நீளும் ஆவணங்கள். இரத்த அணுக்கள் குறைந்தால் அளவை எவ்வளவு குறைக்க வேண்டும், எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும் என்று நுணுக்கமாகச் சொல்பவை. அவற்றை நினைவில் வைத்துக் கணக்கிட உதவிய ‘ஆங்கோசின்’ 1981 முதல் ஸ்டான்ஃபோர்டு புற்றுநோய்ப் பிரிவில் பயன்பட்டது. மருத்துவர்கள் வழக்கமாக நிரப்பிவந்த காகித அட்டவணை திரையில் அப்படியே தெரிந்தது. அவர்கள் எண்களை நிரப்பிக்கொண்டு போக, கணினி பக்கத்திலிருந்து மருந்தளவைச் சொன்னது. ஏற்பதும் மாற்றுவதும் மருத்துவர் கையில் இருந்தது. பின்னர் இது ஜெராக்ஸ் நிறுவனத்தின் லிஸ்ப் கணினிகளுக்கு மாற்றப்பட்டது. புதிய நெறிமுறைகளை உள்ளிடுவதற்கான ‘ஓபல்’ என்னும் நிரல் இதற்காக எழுதப்பட்டது. அதைத் தொடர்ந்து மார்க் மூசன் தம் முனைவர் ஆய்வில் ‘புரோட்டேஜே’ கருவியைப் படைத்தார். அறிவை முறைப்படுத்தி வைக்க உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆசிரியப் பணியும் பதவிகளும்

1982-இல் மருத்துவத் தகவலியலுக்கென்று பட்ட மேற்படிப்பு ஒன்றை ஸ்டான்ஃபோர்டில் நிறுவினார். மாணவர் கையில் கொடுக்கப் பாடநூல் இல்லாத குறையை 1990-இல் வெளியான ‘மருத்துவத் தகவலியல்’ நூல் தீர்த்தது. ஒவ்வொரு பதிப்பும் துறையின் வளர்ச்சிக்குச் சான்று: 2006-இல் வந்த மூன்றாம் பதிப்பில் தலைப்பு ‘உயிர்மருத்துவத் தகவலியல்’ என்று மாறியது, ஐந்தாம் பதிப்பு 2021-இல் வெளியானது. பிந்தைய பதிப்புகளை ஜேம்ஸ் சிமினோவுடன் சேர்ந்து தொகுத்தார்.

2000-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குத் துறைத் தலைவராகச் சென்றார். 2007-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு முதல் முதல்வரானார். 2009 முதல் 2012 வரை அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கத்தின் தலைமைச் செயல் அலுவலர். மருத்துவர்களுக்கான துணைச் சிறப்புத் துறையாக இத்துறை 2011-இல் ஏற்கப்பட்டது அக்காலத்தில்தான். முதல் தகுதித் தேர்வு 2013-இல் நடந்தது. துறை இதழான ‘உயிர்மருத்துவத் தகவலியல் இதழ்’ 2001 முதல் 2016 வரை இவரது ஆசிரியப் பொறுப்பில் வந்தது. 2006-இல் இத்துறைக்குரிய மாரிஸ் கொலன் விருது பெற்றார்.

அண்மைக் காலத்தில் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதிவருகிறார். டிரெவர் கோஹன், விமலா படேல் ஆகியோருடன் தொகுத்த நூல் 2022-இல் வந்தது. அதற்கு முன், 2018-இல் மார்ட்டின் செபுல்வேதாவுடன் எழுதிய கட்டுரையில், மருத்துவருக்கு முடிவெடுக்க உதவும் முறைமை எதுவானாலும் அதற்கு இருக்க வேண்டிய இயல்புகளை வரிசைப்படுத்தினார். காரணம் காட்டாத மூடிய பெட்டியை ஏற்க முடியாது என்பது அதில் முதலாவது.