அயலவரின் சுவரில் ஓர் ஆணி: அனுமதியும் அச்சமும்

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கைகளில் இன்றும் ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள் பல உள்ளன. ஒரே சுவருக்கு இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள். ஏசி பெட்டியின் தாங்கி, மழைநீர்ப் பீலி, குசினிக்கு மேலே இறக்கும் தகரக் கூரை, உடுப்புக் காயவிடும் கம்பி என்று எதைப் பொருத்தப் போனாலும் அயலவரின் சுவரைத் தொட வேண்டியிருக்கும்.

எங்கள் வாப்பா ஒரு முறை பக்கத்து வீட்டாரின் கூரை விட்டங்கள் இரண்டை எங்கள் சுவரில் ஊன்ற இடம் கொடுத்தார். வாய்வார்த்தை மட்டும்தான். அவர் மௌத்தான பின் அந்த வீடு கைமாறியது. சுவரைத் திருத்துவதற்காக விட்டங்களைக் கழற்றும்படி கேட்டோம். "பத்து வருஷத்துக்கு மேலே இருக்குதே, இது எங்கட உரிமை" என்றார் புதியவர். பேசித் தீர்த்தோம். ஆனால் அதன் பிறகு, எங்கள் வீட்டில் யாராவது சுவரில் ஆணி அடிக்கக் கேட்டாலே "வேண்டாம்" என்ற சொல்தான் முதலில் வாயில் வருகிறது.

அந்த "வேண்டாம்" சரியா?

அயலவர் தன் சுவரில் மரக்கட்டையைப் பதிப்பதை ஒருவர் தடுக்கக் கூடாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூ ஹுரைரா (ரழி) அறிவிக்கிறார்கள். இந்த ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இமாம் புஹாரி இதை அநீதிகள் பற்றிய பகுதியில் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. கேட்டவர்கள் தயங்கியதைக் கண்ட அபூ ஹுரைரா (ரழி), ஏன் புறக்கணிக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டதும் அதே அறிவிப்பில் வருகிறது. சுவரை விட்டுக்கொடுப்பது அன்றைக்கும் லேசாக இருக்கவில்லை.

இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடம் இது கடமை. அயலவருக்குத் தேவை இருந்து, சுவருக்குப் பாதிப்பும் இல்லாவிட்டால் மறுக்க முடியாது. ஹனபி மத்ஹபிலும், நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்திலும் இது வலியுறுத்தப்பட்ட நற்செயல். உரிமையாளரின் சம்மதம் அவசியம். ஆகவே கேட்காமல் டிரில் மெஷினை எடுப்பவருக்கு இந்த ஹதீஸ் அனுமதிச் சீட்டு அல்ல. காரணமின்றி மறுப்பவருக்கும் இது ஆறுதல் தராது.

இனி நாட்டுச் சட்டம். மறுப்பவரின் உண்மையான பயம் அந்தப் பத்து வருடம்தான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, பத்து வருடங்கள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிரான வகையில் அனுபவித்தவர் உரிமை கோரலாம். இங்கே "எதிரான வகையில்" என்பதே முக்கியம். அனுமதி பெற்று அனுபவிப்பது அந்தக் கணக்கில் சேராது. ஆனால் அனுமதி வாய்வார்த்தையாக இருந்தால், கொடுத்தவர் மௌத்தான பிறகு அதை நிரூபிப்பது யார்?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். எது, எந்த இடத்தில், எவ்வளவு காலத்துக்கு, சேதம் வந்தால் திருத்துவது யார், கேட்டால் எத்தனை நாளில் கழற்றுவது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட்டு, ஒரு படமும் எடுத்து வைத்தால் போதும். இது தற்காலிக அனுமதிக்கு மட்டுமே. வீடு கைமாறினாலும் நிலைக்கும் உரிமை வேண்டுமென்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிஸ் முன்னிலையில் உறுதி முடிக்க வேண்டும். அதற்குச் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனை தேவை.

கையொப்பத்துக்கு முன் பார்க்க வேண்டியவையும் உண்டு. சுவர் யாருடையது, அல்லது பொதுச் சுவரா என்பதை உறுதியிலும் நில அளவைப் படத்திலும் பாருங்கள். நாலரை அங்குல அரைக்கல் சுவர் விட்டத்தின் பாரத்தைத் தாங்க ஏற்றதல்ல. பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களில் டிரில் அதிர்வால் கல் தளரலாம். கடற்காற்றில் இரும்புத் தாங்கி விரைவில் துருப்பிடித்து உப்பும்போது சுவர் வெடிக்கும். நல்ல பாஸ் ஒருவரிடம் காட்டுங்கள். கூரை இறக்குவதாயின் அயலவரின் சம்மதம் மட்டும் போதாது, மாநகர சபையின் அனுமதி பற்றியும் விசாரிக்க வேண்டும்.

பிணக்கு வந்துவிட்டால் முதலில் பேசுங்கள். பிறகு பள்ளிவாசல் நிருவாகத்தில் இரு தரப்பும் மதிக்கும் ஒருவரை நாடலாம். அதுவும் சரிவராவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்கு கடைசி வழியாக இருக்கட்டும். தீர்ப்புக்குப் பிறகும் அதே சுவருக்கு இரு பக்கமும்தான் வாழ வேண்டும்.

அயலவரிடம் எழுத்துக் கேட்பது அவமரியாதை என்று நினைக்கிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிக்கொள்ளும்படியும் சாட்சி வைக்கும்படியும்தான் கட்டளையிடுகிறது. எங்கள் வாப்பாவின் மனது விசாலமானது. அதோடு ஒரு தாளும் இருந்திருந்தால், அவர் செய்த நன்மை அவருடைய பிள்ளைகளை "வேண்டாம்" என்று சொல்ல வைத்திருக்காது.