நெட் வராததற்குக் காரணம் ஒயர் மட்டுமல்ல



லேப்டாப்பில் நெட் வரவில்லை என்றால் மோடத்தை அணைத்துப் போடுகிறோம், கேபிள்காரரைக் கூப்பிடுகிறோம். கோளாறு லேப்டாப்புக்குள்ளேயே இருக்கலாம் என்று உலகத்துக்கே காட்டிய ஒரு வரலாறு உண்டு.

இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி இருக்கிறது. நாம் பெயரைத் தட்டினால் அந்த எண்ணைச் சொல்வது டி.என்.எஸ். சர்வர். 2007-லிருந்து எஸ்டோனியா நாட்டுக் கும்பல் ஒன்று 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற வைரஸைப் பரப்பியது. வீடியோ பார்க்க இதை இறக்குங்கள் என்று ஆசை காட்டித்தான் அது உள்ளே வரும். வந்ததும் கம்ப்யூட்டர் வழி கேட்கும் இடத்தையே மாற்றிவிடும். நாம் ஒரு பக்கம் போக, அது வேறு பக்கத்தில் விடும். ஆன்டிவைரஸ் அப்டேட்டையும் தடுக்கும். 100 நாடுகளுக்கு மேல் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் சிக்கின, இந்தியாவும் தப்பவில்லை. கும்பலுக்குக் கிடைத்தது குறைந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர்.

2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆறு பேர் கைதானார்கள். ஆனால் அந்த சர்வர்களை நிறுத்தினால் வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நெட் நின்றுவிடும். அதனால் அமெரிக்க நீதிமன்ற உத்தரவுப்படி, அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து ஓட்டினார்கள். முதலில் மார்ச் வரை என்று சொல்லி, பிறகு 2012 ஜூலை 9 வரை நீட்டித்தார்கள். அன்று அணைத்தபோதும் உலகெங்கும் 2 லட்சத்துக்கு மேல் கம்ப்யூட்டர்கள் சுத்தம் செய்யப்படாமலே இருந்தன. எட்டு மாத அவகாசம் இருந்தும், தன் கம்ப்யூட்டரில் வைரஸ் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை ஏன் சொல்கிறேன்? தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியதும் அதே 2011 செப்டம்பரில்தான். பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். இன்று பனியன் கம்பெனியில் பையர் மெயில், ஜி.எஸ்.டி., பேங்க் எல்லாம் ஒரே லேப்டாப்பில் நடக்கிறது.

ஆகவே, ஒரே வைஃபையில் போனில் நெட் வந்து லேப்டாப்பில் மட்டும் வராவிட்டால், நெட்வொர்க் செட்டிங்ஸில் டி.என்.எஸ். எண்ணைப் பாருங்கள். நீங்களோ கம்பெனி ஐ.டி. ஆளோ போடாத எண் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, வைரஸையும் நீக்க வேண்டும். மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' 2017 முதல் அதற்கான கருவிகளை இலவசமாகத் தருகிறது. மோடத்தின் பழைய பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இந்த வைரஸ் அதற்குள்ளும் புகுந்தது. சுத்தம் ஆகும்வரை அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
மண்ணரை.