கோவிவன் என்றொரு நாய்

எங்கள் அம்பத்தூர் வீட்டு நாய் டைகர் போன மாதம் செத்துப்போனது. அக்கா பையனுக்கு நாலு வயசு. அவன் எழுந்திருப்பதற்குள் புதைத்துவிட்டு, "டைகர் ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டோம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கேட் பக்கத்தில் போய் நிற்கிறான். நல்லதுதான் செய்தோம் என்று நினைத்திருந்தேன். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு வைத்த கல் அது. அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கென்றே நடுகல் உண்டு.

நடுகல் வைப்பதைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகப் பிரிக்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடுவது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, புகழ்ந்து வாழ்த்துவது. யோசித்துப் பாருங்கள், துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு படியிலும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. எதையும் மறைக்கவில்லை.

ஹங்கேரியில் குழந்தைகளிடம் பேசி ஆராய்ந்த மரியா நாகி 1948இல் வெளியிட்ட கட்டுரையில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சாவை ஒரு பயணம் போலவோ தூக்கம் போலவோதான் நினைக்கிறார்கள் என்கிறார். அப்படிப்பட்ட குழந்தையிடம் "ஊருக்குப் போயிருக்கு" என்றால், திரும்பி வரும் என்றுதானே காத்திருக்கும்? "தூங்குது" என்று சொன்னால் தூங்கவே பயப்படலாம்.

நேற்று அவனை உட்காரவைத்துச் சொன்னேன். "டைகர் செத்துப்போச்சுடா. இனிமே மூச்சு விடாது, சாப்பிடாது, திரும்பி வராது. உன் மேல தப்பு எதுவும் இல்ல." ரொம்ப நேரம் அழுதான். நான் தடுக்கவில்லை. அப்புறம் இரண்டு பேரும் ஒரு கல் தேடினோம். அவனே குழாயடியில் கழுவினான். முருங்கை மரத்தடியில் நட்டு, பெயிண்டால் பெயர் எழுதினேன். ஒரு பிஸ்கட் வைத்தான்.

"டைகர் என்னென்ன பண்ணும், சொல்லு" என்றேன். "என் செருப்பத் தூக்கிட்டு ஓடும் மாமா" என்றான்.

ஆறாவது படியும் முடிந்தது.